ராட்சதனின் வாளை மனிதன் வீசலாமா?

வாசகர் கேள்வி: நண்பர்கள் சேர்ந்து டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்றுப் பகடை உருட்டும் மேசை ஆட்டத்தை ஆடுகிறோம். 2014-இல் வெளியான ஐந்தாம் பதிப்பு விதிகள். நான் டன்ஜன் மாஸ்டர்; ஆட்டத்தை நடத்துவதும் தீர்ப்பு சொல்வதும் என் வேலை. சென்ற வாரம் குழு ஃபயர் ஜயன்ட் என்ற ராட்சதனை வீழ்த்தியது. ஏழாம் நிலையில் இருக்கும் எங்கள் பார்பேரியன் (வெறியோடு சண்டையிடும் வீரர்) அதன் கிரேட்ஸ்வர்டை (இரு கை வாள்) எடுத்துக்கொண்டு, "இனி என் அடிக்கு 6டி6", அதாவது ஆறு அறுமுகப் பகடை என்கிறார். விதிநூலில் இருப்பதாகவும் காட்டுகிறார். மறுத்தால் நான் விதியை மீறுவதாகிவிடுமா?

மீறுவதாகாது. உங்கள் நண்பரும் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. அவர் காட்டிய வரி உண்மையில் இருக்கிறது; எங்கே இருக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆட்டக்காரர்களுக்கான நூலின் ஆயுதப் பட்டியலில் அளவு பற்றிய வாய்பாடே கிடையாது. டன்ஜன் மாஸ்டருக்கான வழிகாட்டி நூலில், புதிதாக ஒரு மான்ஸ்டரை உருவாக்குவது எப்படி என்று விளக்கும் பகுதியில்தான் இந்த விதி வருகிறது. ஆயுதம் ஏந்தும் உயிரி லார்ஜ் அளவு என்றால் ஆயுதத்தின் பகடைகளை இரட்டிப்பாக்குங்கள், ஹியூஜ் என்றால் மும்மடங்கு, கர்கான்டுவன் என்றால் நான்மடங்கு என்கிறது அது. கிரேட்ஸ்வர்டுக்கு 2டி6, ஃபயர் ஜயன்ட் ஹியூஜ், ஆகவே 6டி6. ஓகர் என்ற பூதத்தின் கதாயுதம் 2டி8 ஆவதும், ஃப்ராஸ்ட் ஜயன்ட்டின் கோடரி 3டி12 ஆவதும் இதே கணக்கில்தான்.

இங்கே எழுவாய் யார் என்று பாருங்கள். பெருக்கல் உயிரியின் அளவைப் பொறுத்தது. மனிதன் மீடியம். மீடியம் அளவுள்ளவன் ஹியூஜ் வாளைப் பிடித்தால் எத்தனை பகடை என்று அந்தப் பத்தி சொல்லவே இல்லை. மாறாக, தன்னைவிடப் பெரிய உயிரிக்காகச் செய்த ஆயுதத்தை வீசினால் டிஸ்அட்வான்டேஜ், அதாவது இருபதுமுகப் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுக்க வேண்டும் என்று அடுத்துச் சொல்கிறது. இரண்டு படியோ அதற்கு மேலோ பெரிய ஆயுதமாக இருந்தால், பயன்படுத்தவே முடியாது என்று டன்ஜன் மாஸ்டர் தீர்ப்பளிக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்கிறது. மீடியத்திலிருந்து லார்ஜ் ஒரு படி, ஹியூஜ் இரண்டாவது படி. உங்கள் நண்பர் நீட்டிய அதே பக்கம்தான் மறுக்கும் உரிமையையும் உங்களுக்குத் தருகிறது.

"டிஸ்அட்வான்டேஜ்தான் இருக்கிறதே, அதுவே போதாதா?" என்று அவர் கேட்பார். போதாது. கணக்கைப் போட்டே காட்டிவிடுங்கள்.

அவருக்கு ஸ்ட்ரெங்த் (உடல்வலிமை) 18, தாக்குதல் பகடைக்கு +7 என்று வைத்துக்கொள்வோம். எதிரியின் ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், 15. பகடையில் 8 விழுந்தாலே அடி படும். 65 சதவீத வாய்ப்பு. சாதாரண கிரேட்ஸ்வர்டின் சராசரிச் சேதம் 7, உடல்வலிமைக்கு 4, மொத்தம் 11. ராட்சத வாளில் 21-உம் 4-உம் சேர்ந்து 25. டிஸ்அட்வான்டேஜ் வந்தால் வாய்ப்பு 42 சதவீதமாகச் சரிகிறது. ஆனாலும் கிரிட்டிக்கலை (20 விழுந்தால் சேதப் பகடைகள் இரட்டிப்பாவதை) ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் ஒரு வீச்சுக்குச் சராசரி 10.6. சாதாரண வாளுக்கு 7.2-தான். இதுவே அநியாயம், ஆனால் உண்மையான ஓட்டை இன்னும் வரவில்லை.

பார்பேரியனுக்கு இரண்டாம் நிலையிலேயே ரெக்லஸ் அட்டாக் கிடைத்துவிடுகிறது. தற்காப்பைக் கைவிட்டு வீசினால் அட்வான்டேஜ், அதாவது இருமுறை உருட்டிக் கூடிய எண்ணை எடுக்கலாம். அட்வான்டேஜும் டிஸ்அட்வான்டேஜும் சேர்ந்து வந்தால் இரண்டும் ரத்து, ஒரே பகடைதான். ஆக, பெரிய வாளுக்காக அவர் தர வேண்டிய விலை ஒரே சொல்லில் மறைந்துவிடுகிறது. ரெக்லஸாகச் சாதாரண வாளை வீசினால் ஒரு வீச்சுக்கு 9.7. ரெக்லஸாக ராட்சத வாளை வீசினால் 16.3. அவருக்கு ஒரு சுற்றில் இரண்டு வீச்சு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். பக்கத்தில் அமர்ந்து சாதாரண வாளோடு ஆடும் ஃபைட்டரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். எனக்கு இந்த விதியில் கவலை தருவது அந்த முகம்தான்.

இதே ஆட்டத்தின் மூன்றரைப் பதிப்பை எழுதியவர்கள் 2003-லேயே இதை அழகாகக் கட்டிப்போட்டிருந்தார்கள். அங்கே ஆயுதம் ஒரு படி பெரிதானால் தாக்குதலில் இரண்டு குறையும். கூடவே பிடிக்கும் முறையும் ஒரு படி கனக்கும். ஒற்றைக் கை ஆயுதத்துக்கு இரண்டு கையும் வேண்டும். லார்ஜ் அளவு லாங்ஸ்வர்டை மனிதன் இரு கையால் வீசினால் 2டி6. அவனுக்கே உரிய கிரேட்ஸ்வர்டும் அதே 2டி6-தான், குறைப்பு இல்லாமல். லார்ஜ் கிரேட்ஸ்வர்டுக்கு மூன்றாவது கை வேண்டும், எனவே முடியாது. பெரிய ஆயுதத்தால் லாபம் ஏதும் இல்லை, ஆசைப்பட்டால் தூக்கிக்கொள் என்பதுதான் அதன் உள்ளர்த்தம். 2019-இல் வந்த, இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பும் அதே வழியில் போகிறது: லார்ஜ் ஆயுதம் ஏந்தும் மனிதனுக்குத் தடுமாற்றம் உண்டு, கூடுதல் பகடை இல்லை. ஜயன்ட் இன்ஸ்டிங்ட் என்ற வகைப் பார்பேரியனுக்கு மட்டும் வெறி வரும்போது சேதம் கூடுகிறது. அந்தத் தடுமாற்றத்தை அவனும் சுமந்தாக வேண்டும்.

மறுத்தவுடன் உங்கள் நண்பர் இரண்டு வாதங்களைக் கொண்டுவருவார். ஒன்று, "என் பாத்திரம் கோலியாத் என்ற பேருடல் இனம், பவர்ஃபுல் பில்ட் என்ற திறன் இருக்கிறது." ஐந்தாம் பதிப்பில் அது சுமக்கவும் தள்ளவும் இழுக்கவும் தூக்கவும் மட்டும்தான், ஆயுதத்துக்கு அல்ல. மற்றொன்று, உடலைப் பெரிதாக்கும் என்லார்ஜ் மந்திரம். அவரை லார்ஜ் ஆக்கினால் வாள் ஒரு படிதானே பெரிது? இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மந்திரம் போடும்போது கையில் இருக்கும் எல்லாமும் அவரோடு சேர்ந்து வளரும். வாளை ஏந்தியபடி வளர்ந்தால் வாளும் வளரும். இடைவெளி அப்படியே இருக்கும். முதலில் வளர்ந்துவிட்டுப் பிறகு தரையிலிருந்து எடுத்தால் மட்டுமே ஒரு படி குறையும். அப்போதும் டிஸ்அட்வான்டேஜ் உண்டு. அந்த மந்திரமே வளர்ந்த ஆயுதத்துக்குக் கூடுதலாக ஒரு டி4 மட்டும் தருகிறது என்பதையும் காட்டுங்கள். ஆட்டக்காரன் பெரிதானால் எவ்வளவு தரலாம் என்று விதி எழுதியவர்கள் நினைத்த அளவு அதுதான்.

எடையை வைத்து வாதாட வேண்டாம், தோற்றுவிடுவீர்கள். கிரேட்ஸ்வர்ட் 6 பவுண்டு. நீளம், அகலம், தடிமன் மூன்றையும் மும்மடங்காக்கினால் 27 மடங்கு, 162 பவுண்டு. ஏறத்தாழ 73 கிலோ. ஸ்ட்ரெங்த் 18 உள்ளவர் 270 பவுண்டு சுமக்கலாம் என்கிறது விதி. தோளில் போட்டுக்கொண்டு சிரித்தபடி நடந்துவிடுவார்.

இவ்வளவு சொன்ன பிறகும், வெறுமனே "முடியாது" என்று நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் மேசையில் ஒருவர் ஓகரின் கதாயுதத்தை இழுத்துக்கொண்டே மூன்று அமர்வுகள் வந்தார். ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் கதாயுதம் நிலைப்படியில் இடிக்கும் ஓசையை வாயாலேயே எழுப்புவார். அந்த ஆசை சேதத்துக்கானது அல்ல. வென்றதன் அடையாளத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கானது. அதைப் பறிப்பது நல்ல நடத்துநரின் வேலை அல்ல என்பது என் உறுதியான கருத்து.

அவருக்காக நான் வகுத்த தீர்ப்பு இது. பகடைகள் முழுமையாக உண்டு, டிஸ்அட்வான்டேஜ் கிடையாது. ஆனால் ஒரு சுற்றில் அந்த ஆயுதத்தால் ஒரே ஒரு வீச்சு. அடுத்த முறை வரும்வரை ரியாக்ஷனும் (பிறர் முறையில் செய்யும் எதிர்வினை) இல்லை, ஏனெனில் ஆயுதத்தைத் திரும்ப உயர்த்தவே அவ்வளவு நேரம் ஆகும். அட்வான்டேஜை வைத்து இந்த விலையை ரத்து செய்ய வழியில்லை. உங்கள் பார்பேரியனுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள்: வெறி சேதத்தில் தரும் +2-ஐயும் சேர்த்து, ரெக்லஸாக, சாதாரண வாளால் இரண்டு வீச்சுக்கு 22.8, ராட்சத வாளால் ஒரே வீச்சுக்கு 23.7. கிட்டத்தட்ட சமம். தவறினால் அந்தச் சுற்றே வீண். பட்டால் ஆறு பகடை மேசையில் உருளும். ஒரு சுற்றில் ஒரே வீச்சு மட்டும் உள்ள கீழ்நிலைப் பாத்திரங்களுக்கு இதைத் தராதீர்கள். அங்கே கணக்கு உடைந்துவிடும்.

இதுவும் வேண்டாம் என்று தோன்றினால் கொல்லனைத் தேடி அனுப்புங்கள். ஃபயர் ஜயன்ட்கள் அந்த உலகத்தின் பேர்பெற்ற இரும்புக் கொல்லர்கள். அந்த எஃகை உருக்கி மனிதக் கைக்கு ஒரு வாள் வார்க்க ஒப்புக்கொள்பவன் கிடைப்பதே இரண்டு அமர்வுக்கான கதை.

எதை முடிவுசெய்தாலும் அடுத்த சண்டை தொடங்குவதற்கு முன்பே, எல்லோரும் இருக்கும்போது சொல்லிவிடுங்கள். அந்த ஃபைட்டரும் கேட்கட்டும்.