கத்தி நிற்க வேண்டிய இடம் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

கனடாக் காடுகளில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் மோரா என்ற சுவீடன் நாட்டுக் கத்தி ஒன்று வாங்கினேன். ஆறு மாதமாகச் சனி, ஞாயிறுகளில் குச்சி சீவிப் பழகுகிறேன். தீ மூட்டச் சீவல் குச்சி செய்தால், குச்சியிலேயே ஒட்டி நிற்க வேண்டிய சுருள்கள் நிற்காமல் உடைந்து உதிர்கின்றன. குச்சியில் பள்ளம் வெட்டினால் கத்தி எல்லை தாண்டி ஓடி எதிர்ச்சுவரையும் பெயர்த்துவிடுகிறது. எங்கள் பக்கம் காய்ந்த சீமைக்கருவேலம்தான் கிடைக்கிறது. போன வாரம் இடது ஆள்காட்டி விரலில் ஆழமாக வெட்டிக்கொண்டேன். "பென்சில் சீவத் தெரியாதவனுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று அம்மா கத்தியை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். எனக்குக் கை வரவில்லையா, பழகும் முறை தவறா? விட்டுவிடலாமா?

எஸ்., சேலம்

அன்புள்ள எஸ்.,

விட வேண்டாம். விரல் நன்றாக ஆறும்வரை மட்டும் கத்தி பீரோவிலேயே இருக்கட்டும். அம்மாவின் பயம் நியாயமானது.

கத்தி எல்லை தாண்டி ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சிக்கல் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. பள்ளத்தின் சுவர் பெயர்ந்ததும் விரல் வெட்டுப்பட்டதும் ஒரே காரணத்தால்தான். கத்தியைத் தள்ள உங்களுக்குத் தெரிந்துவிட்டது, நிறுத்துவதற்கு இன்னும் கை பழகவில்லை.

நானும் அப்படித்தான் இருந்தேன். எட்மண்டனுக்கு வந்த முதல் கோடையில் குச்சியைத் தொடைமேல் வைத்துச் சீவிக்கொண்டிருந்தபோது கத்தி ஒரு கணுவில் சிக்கியது. பலம் கொடுத்து அழுத்தினேன். கணு சட்டென்று விட்டுக்கொடுக்க, கத்தி ஜீன்ஸைக் கிழித்துத் தொடையில் இறங்கியது. மூன்று தையல். தொடையின் உட்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கொஞ்சம் தள்ளிப் பட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து. அன்றிலிருந்து முழங்கைகளை முழங்கால்மேல் ஊன்றிக்கொண்டு, முழங்காலுக்கு முன்னால்தான் சீவுகிறேன். நீங்களும் அப்படியே உட்காருங்கள். கை எட்டும் வட்டத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது.

இங்கே ஆல்பர்ட்டாவில் மோர்ஸ் கோச்சான்ஸ்கி என்றொரு ஆசிரியர் இருந்தார். 1940இல் பக்கத்து மாகாணமான சஸ்காட்செவனில் பிறந்து, வடக்குக் காடுகளில் உயிர்வாழும் கலையைப் பல்லாண்டுகள் கற்பித்து, 2019இல் காலமானவர். அவர் பரவலாக்கிய பயிற்சிக்கு 'ட்ரை ஸ்டிக்' என்று பெயர். நான் பழகுகுச்சி என்று சொல்லிக்கொள்வேன். காட்டில் தேவைப்படும் வெட்டுகளை ஒரே குச்சியில் நுனியிலிருந்து அடிவரை வரிசையாக வெட்டிப் பார்க்க வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது இது ஒன்றைத்தான்.

முதலில் மரத்தை மாற்றுங்கள். காய்ந்த சீமைக்கருவேலம் கல் மாதிரி. அதில் பழகினால் கை முரட்டுப் பலத்தைத்தான் கற்றுக்கொள்ளும். இங்கே வில்லோ, ஆஸ்பென் மரங்களின் பச்சைக் குச்சிகளில் பழகுவோம். உங்களுக்கு வேம்பு, பூவரசு போதும். வெட்பாலை கிடைத்தால் இன்னும் நல்லது. கர்நாடகத்துச் சென்னபட்டணா பொம்மைகளைக் கடைவது அந்த மரத்தில்தான், வெள்ளையாக, சீரான நாரோடு இருக்கும். அரளி மட்டும் வேண்டவே வேண்டாம், முழுக்க விஷம். காப்புக்காட்டில் கை வைக்காமல், தெருவில் கிளை கழிக்கும்போது கேட்டு வாங்குங்கள். கட்டைவிரலைவிடச் சற்றுத் தடிமனாக, ஒரு முழம் நீளம், கணு இல்லாமல்.

ஒரு முனையைக் கூராக்குங்கள், கிட்டிப்புள் முனைபோல. மறுமுனையின் விளிம்பைச் சுற்றிலும் சரித்து விடுங்கள், கூடாரமுளையாக அடிக்கும்போது தலை பிளக்காது. அப்புறம்தான் பள்ளங்கள்.

பள்ளத்தின் சுவர் எங்கே வர வேண்டுமோ அங்கே கத்தி வாயை நாருக்குக் குறுக்காக வைத்து, அழுத்தியபடி லேசாக முன்னும் பின்னும் உருட்டுங்கள். நார் அந்த ஆழத்துக்கு அறுபடும். இதைத் தடுப்பு வெட்டு என்று வைத்துக்கொள்வோம். பிறகு பக்கத்திலிருந்து அதை நோக்கிச் சீவினால் சில்லு அந்த இடத்தில் கழன்று விழும், கத்தியும் அங்கேயே நிற்கும். ஆழம் போதவில்லை என்றால் மறுபடி தடுப்பு வெட்டு, மறுபடி சீவல். தடுப்பு வெட்டைவிட ஆழமாக ஒருதடவைகூடச் சீவாதீர்கள். உங்கள் எதிர்ச்சுவர் பெயர்ந்ததெல்லாம் இதனால்தான்.

சீவும் பலம் தோளிலிருந்து வரக் கூடாது. குச்சியைப் பிடித்திருக்கும் இடது கையின் கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் வைத்துத் தள்ளுங்கள், வலது கை திசையை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். கட்டைவிரல் நீளும் தூரத்துக்குமேல் கத்தி போகாது. இந்தப் பிடியில் இடது கை விரல்கள் எல்லாமே கத்திவாய்க்குப் பின்னால் இருக்கும். வெட்டுப்பட்ட அன்று உங்கள் ஆள்காட்டி விரல் முன்னால் நீண்டிருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் கைக்கு வந்ததும் பானைக்கொக்கிக்குப் போங்கள். எனக்கு மிகவும் பிடித்த வெட்டு. பெருக்கல் குறிபோல இரண்டு தடுப்பு வெட்டுகள் போட வேண்டும். அவற்றுக்கிடையே உள்ள நான்கு பகுதிகளில் மூன்றைச் செதுக்கி எடுத்தால், நான்காவது பறவையின் அலகுபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த அலகில் பானையின் கம்பிப்பிடியை மாட்டித் தீக்குமேல் தொங்கவிடலாம். அலகு ஒடிந்தால் சாப்பாடு நெருப்பில் விழும். முதல் ஐந்தாறு ஒடியத்தான் செய்யும்.

சீவல் குச்சியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். தீப்பிடிக்க வேண்டும் என்பதால் அதற்கு மட்டும் காய்ந்த மரம் வேண்டும், ஆனால் மென்மையானதாக, நார் நேராக ஓடும் பிளந்த விறகாக இருக்கட்டும். மோராவின் வாய் இருபக்கமும் ஒரே சரிவாக இறங்கும். அந்தச் சரிவு மரத்தில் முழுதாகப் படிந்திருக்கும்போது கை அதை உணரும். கத்தி முதுகைத் தூக்கினால் வாய் ஆழமாக இறங்கிச் சுருளை அறுத்துவிடும், தாழ்த்தினால் வழுக்கி வெளியே வந்துவிடும். உங்கள் சுருள்கள் உதிர்வதற்குக் கருவேலம் ஒரு காரணம், பாதி வழியில் மாறும் இந்தச் சாய்வு இன்னொன்று. சாணை பிடிக்கும்போதும் அதே சரிவைக் கல்லில் முழுதாகப் படியவையுங்கள். மழுங்கிய கத்தியோடு உட்காராதீர்கள், அதற்குத்தான் அதிக பலம் கொடுக்க வேண்டியிருக்கும்.

பென்சில் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கத்தி பிறந்த சுவீடனில், 1870களில் ஓட்டோ சலமோன் என்பவர் நேஸ் என்ற ஊரில் ஆசிரியர்களுக்குக் கைவேலைப் பயிற்சி தொடங்கினார். அவர் வகுத்த பாடவரிசையில் முதல் பொருள், கத்தியால் சீவிச் செய்யும் எழுத்தைச் சுட்டிக்காட்டும் ஒரு சிறு கோல். பார்க்கப் பென்சில் மாதிரிதான் இருக்கும். அங்கே பள்ளிகளில் கைவேலை இன்றும் கட்டாயப் பாடம். அம்மா சொன்ன இடத்திலிருந்துதான் அவர்களும் தொடங்கியிருக்கிறார்கள். அம்மா எதிரிலேயே உட்கார்ந்து ஒரு பென்சிலைக் கட்டைவிரலால் தள்ளிச் சீவிக் காட்டுங்கள், சாவி கிடைக்கும்.

பாதியில் நிறுத்தும் குச்சியை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், வெயிலில் விட்டால் ஒரே நாளில் முனை வெடிக்கும். முடித்த குச்சிகளில் தேதி எழுதுங்கள், ஒடிந்தவற்றையும் எறிய வேண்டாம். மூன்றாவது குச்சி முடிந்ததும் படம் அனுப்புங்கள். பானைக்கொக்கியைப் பக்கவாட்டில் எடுங்கள், தடுப்பு வெட்டு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும்.