ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியா பாத்த படங்க, இப்ப மறுபடியும்: கேள்வி பதில்

1991ல இருந்து 2008 வரைக்கும் முதல்ல பென்னாகரம் பக்கத்துல ஒரு டென்ட் கொட்டாயிலயும் அப்பறம் தர்மபுரி டவுன்ல ஒரு தியேட்டர்லயும் ஆபரேட்டரா இருந்தேங்க. இங்கிலீஷ் படம் ஒண்ணு வந்துச்சுன்னா அது கிளம்பற வரைக்கும் எல்லா ஆட்டமும் அந்த சின்ன ஓட்டை வழியாதான் பாப்பேன், முழு கவனமா பாக்க முடியாது, ஒரு கண்ணு புரொஜெக்டர் விளக்குல எரியற கார்பன் குச்சி மேலயும் ஒரு கண்ணு ரீல் மேலயும் இருக்கும். இப்ப ஆறு மாசமா அந்த படங்களையெல்லாம் பொண்ணுகூட உக்காந்து ஒண்ணொண்ணா மறுபடி பாக்கறேன், பிளஸ் ஒன் படிக்கறா. கேள்வி அனுப்புங்கன்னு சொன்னதும் நிறைய பேர் அனுப்பியிருக்கீங்க, முடிஞ்சதுக்கு எல்லாம் பதில் எழுதியிருக்கேன்.

பாலக்கோடு, காலேஜ் படிக்கற தம்பி: அண்ணா, ஜுராசிக் பார்க் 1993ல வந்த படம். இப்ப கோடி கோடியா செலவு பண்ணி எடுக்கற கிராஃபிக்ஸ் படத்த விட அதுல டைனோசர் நிஜமா இருக்கற மாதிரி தெரியுதே, அது நம்ம சின்ன வயசு பாசமா இல்ல உண்மையிலேயே அப்படித்தானா?

உண்மையிலேயே அப்படித்தான் தம்பி. முதல் விஷயம், படம் 127 நிமிஷம், அதுல டைனோசர் திரையில வர்றது மொத்தமா சேத்தா சுமார் 15 நிமிஷம்தான், அதுலயும் கம்ப்யூட்டர்ல செஞ்சது 6 நிமிஷம் அளவுக்குத்தான், மிச்சமெல்லாம் ஸ்டான் வின்ஸ்டன் ஆளுங்க செஞ்ச மெஷின் பொம்மை. அந்த டி-ரெக்ஸ் பொம்மை 40 அடி நீளம், 4 டன் எடை. மழையில நிக்க வெச்சு ஷூட் பண்ணப்ப தோலுக்கு போட்டிருந்த ஃபோம் தண்ணிய குடிச்சு கனம் ஏறி பொம்மை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, டேக்குக்கு டேக் துண்டு வெச்சு துடைச்சு காய வெச்சாங்க. ஓட்டை வழியா பாத்த காலத்துல எனக்கு இதெல்லாம் தெரியாது, ஆனா அது மேல விழற மழைத்தண்ணி நிஜமா தோல்ல வழியறது மட்டும் கண்ணுக்கு தெரியும், அதுதான் நம்ப வெச்சது.

ரெண்டாவது சத்தம். டிடிஎஸ் சவுண்டோட வெளிவந்த முதல் படமே இதுதான், சத்தம் தனியா சிடில ஓடும், ஃபிலிம் ஓரத்துல இருக்கற கோடு அதுக்கு டைம் சொல்லும். எங்க கொட்டாயில அந்த வசதியெல்லாம் ஏது, ரெண்டு பாக்ஸ் ஸ்பீக்கர்தான். போன மாசம் ஹெட்போன் போட்டு பாத்தேன், அந்த ரோட்டு சீன்ல டி-ரெக்ஸ் வந்து காரை புரட்டற வரைக்கும் மியூசிக்கே இல்ல தம்பி! மழை, கம்பி அறுந்து தெறிக்கற சத்தம், மூச்சு, அவ்ளோதான். அத்தன தடவ ஓட்டியும் நான் கவனிக்காம விட்டது அது. ஆ, டம்ளர்ல தண்ணி வளையம் வளையமா ஆடுதே, அது டேஷ்போர்டுக்கு அடியில கிட்டார் கம்பிய கட்டி மீட்டுனது.

ஜாஸ் படத்துலயும் இதே கதைதான். 1975ல வந்த அந்த படத்துக்கு செஞ்ச மெஷின் சுறா உப்புத்தண்ணியில எறங்கினதும் ரிப்பேர் ஆகி ரிப்பேர் ஆகி நின்னுச்சு, அதனால சுறாவ காட்டாமலே படத்த கொண்டு போனாங்க, ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும் முழுசா மூஞ்சிய பாக்க. மஞ்சள் பீப்பாய் தண்ணியில இழுத்துகிட்டு போறத பாத்தே வயிறு கலங்கும். காட்டாததுதான் பயம், காட்டும்போது அதுக்கு கனம் இருக்கணும். இந்த ரெண்டையும் மனசுல வெச்சுகிட்டு எந்த பழைய படத்த வேணா எடுத்து பாருங்க, எது நின்னுச்சு எது நிக்கலன்னு புரிஞ்சிரும்.

தேன்கனிக்கோட்டை, விவசாயி: ஜுராசிக் பார்க்ல ராப்டர்ங்கற டைனோசர் வேலிய எங்க வீக்கா இருக்குன்னு தொட்டு தொட்டு பாக்கும்னு அந்த வேட்டைக்காரர் சொல்வாரே, எங்க ஊர் யானை அதேதான் பண்ணுதுங்க.

அண்ணா நீங்க இத எழுதுனத பாத்து எனக்கு புல்லரிச்சு போச்சு. எங்க மாமனார் ஊர் தளி பக்கம், கார்த்திகை மார்கழியில ராகி முத்தற நேரத்துக்கு பன்னேர்கட்டா காட்டுல இருந்து கூட்டம் எறங்கிரும், ஒரு ராத்திரி நானும் பரண்ல காவலுக்கு உக்காந்திருந்தேன். யானை வந்தது கண்ணுக்கு தெரியவே இல்ல. முதல்ல நாய் குலைக்கறத நிறுத்துச்சு, அப்பறம் ராகித்தட்டு நறுக் நறுக்னு ஒடியற சத்தம், அது நிக்கும், மறுபடி வரும், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கிட்ட. டார்ச் அடிச்சா ஈரமா ஒரு காது ஓரம் மட்டும் ஆடுது, அதுக்கு மேல இருட்டு. சோலார் வேலிய எப்படி தாண்டுச்சுன்னு காலையில போய் பாத்தா பக்கத்துல இருந்த மரத்த தள்ளி கம்பி மேல சாச்சிருக்கு! தந்தத்துல கரண்ட் பாயாதுன்னு தெரிஞ்சு தந்தத்தாலயே கம்பிய அறுக்கற யானையும் இருக்குன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். அந்த ராத்திரிக்கு அப்பறம் ஜுராசிக் பார்க் எனக்கு வேற படம் ஆயிருச்சு. முன்னாடி நான் ஜெயிக்கணும்னு நெனச்சது மனுசங்க, இப்ப வேலி போட்ட எடத்துலயே தப்பு ஆரம்பிச்சிருச்சேன்னு தோணுது. ராகி போனவங்களுக்கு அதுல ஆறுதல் இல்லைங்க, அதுவும் எனக்கு தெரியும்.

ஒகேனக்கல், பரிசல் ஓட்டறவர்: அனகோண்டா பத்தி சொல்லுங்க.

நீங்க இத கண்டுபிடிச்சிருப்பீங்களே, படகு பின்னாடி போற சீன்ல பின்னால இருக்கற அருவிய பாருங்க, தண்ணி கீழ இருந்து மேல ஏறும். ஃபிலிம திருப்பி ஓட்டியிருக்காங்க. 1997 படம், கொட்டாய் நிறைய கூட்டம், ஆனா அருவி பக்கத்துல பொறந்தவங்கதான் முதல் ஆட்டத்துலயே சத்தம் போட்டாங்க.

கிருஷ்ணகிரி, ஒரு டீச்சர்: எங்க வீட்ல பசங்களுக்கு இந்தியானா ஜோன்ஸ் காட்டலாம்னு ஆசை. டெம்பிள் ஆஃப் டூம் காட்டலாமா வேண்டாமா?

டீச்சர், முதல் படமும் மூணாவது படமும் தாராளமா காட்டுங்க. டெம்பிள் ஆஃப் டூம் 1984ல வந்தது, அத மட்டும் நீங்களும் பக்கத்துல உக்காந்து காட்டுங்க. சின்ன வயசுல அந்த சுரங்க வண்டி சேஸிங்க பாத்து வாய பொளந்து நின்னவன் நான், அது இன்னைக்கும் அருமைதான், பாதி மினியேச்சர், சுரங்க சுவர் அலுமினிய ஃபாயில் பேப்பர கசக்கி பெயிண்ட் அடிச்சது, உள்ள போறதுக்காக சாதா நிக்கான் ஸ்டில் கேமராவ மாத்தி செஞ்சு எடுத்தாங்க. ஆனா விருந்து சீன் இருக்கு பாருங்க, இந்தியாவுல அரண்மனை விருந்துன்னு சொல்லி பாம்பும் வண்டும் குரங்கு மூளையும் வெக்கறாங்க. என் பொண்ணு ரிமோட்ட வாங்கி நிறுத்திட்டு ‘அப்பா நம்மள இப்படியா நெனச்சாங்க’ன்னு கேட்டா, எனக்கு பதில் வரல. காளி கும்பிடறவங்கள நெஞ்ச பிளந்து இதயத்த எடுக்கற கூட்டமா காட்டிட்டாங்க. நம்ம அரசாங்கம் ஸ்கிரிப்ட்ட படிச்சிட்டு இங்க எடுக்க அனுமதி தரல, அதனாலதான் இலங்கையில கண்டி பக்கம் போய் எடுத்தாங்க, நல்லா கேட்டீங்கன்னா அந்த இந்திய கிராமத்து ஜனங்க பேசறது சிங்களம். அம்ரீஷ் புரி நடிப்பு மட்டும் தனியா நிக்குது, அவர் கண்ண தெறந்தாலே போதும்.

மூணாவது படத்துல சாகா வரம் தர்ற கிண்ணத்த தேடி போறாங்க இல்ல, பசங்களுக்கு அத காட்டறப்ப நம்ம அதியமான் கதைய சேத்து சொல்லுங்க. கெடச்ச நெல்லிக்கனிய தான் சாப்பிடாம ஔவைக்கு குடுத்தவன் ஆண்ட தகடூர்லதான் நாம இருக்கோம், பசங்க கிண்ணத்த யார் எடுக்கறாங்கன்னு வேற மாதிரி பாப்பாங்க.

ஏரியூர்: பேக் டு தி ஃபியூச்சர்ல 1.21 ஜிகாவாட்னு கத்துவாரே, அது எவ்ளோ கரண்ட்?

1210 மெகாவாட். உங்க பக்கத்து மேட்டூர் அனல் மின் நிலையம் பழைய நாலு யூனிட் சேத்து 840, புது யூனிட் 600, மொத்தம் 1440. ஆக கிட்டத்தட்ட மேட்டூர் மொத்தத்தையும் ஒரு காருக்குள்ள விடணும். காலத்த தாண்டறதுக்கு அந்த கார் எட்ட வேண்டிய 88 மைல் வேகம் நம்ம கணக்குல சுமார் 142 கிலோமீட்டர், தயவுசெஞ்சு தொப்பூர் கணவாயில யாரும் ட்ரை பண்ண வேண்டாம்.

காரிமங்கலம், பத்தாவது படிக்கற பாப்பா: அங்கிள், அம்பர்ல, அதான் கல்லா இறுகின மரப்பிசின்ல, இருக்கற கொசு ரத்தத்துல இருந்து டைனோசர் செய்ய முடியுமா? நம்ம மாவட்டத்துல டைனோசர் எலும்பு கெடைக்குமா?

முடியாதுமா. டிஎன்ஏ கெட்டுப் போயிரும். நியூசிலாந்துல அழிஞ்சு போன மோவா பறவை எலும்ப வெச்சு 2012ல கணக்கு போட்டு பாத்தாங்க, 521 வருஷத்துக்கு ஒரு தடவ பாதி பாதியா ஒடைஞ்சுகிட்டே போகும்னு. டைனோசர் போய் 6.6 கோடி வருஷம் ஆச்சு. நிஜ வெலாசிராப்டர் வான்கோழி அளவுதான், உடம்பெல்லாம் இறகு. நம்ம பக்கம் எலும்பு கெடைக்காது, ஏன்னா கிருஷ்ணகிரி பாறையெல்லாம் சுமார் 250 கோடி வருஷம் பழசு, டைனோசருக்கு ரொம்ப ரொம்ப முன்னாடி. அரியலூர் பக்கம் போனா அந்த காலத்து கடல் படிவம் இருக்கு, ஸ்கூல்ல டூர் கேளு.

தர்மபுரி டவுன்: டெர்மினேட்டர் 2ல ஒரே ஆள் ரெண்டா நிக்கறது எல்லாம் கம்ப்யூட்டரா?

இல்லைங்க, இரட்டையர். ஆஸ்பத்திரி காவலாளி நிஜ இரட்டை சகோதரங்க, கடைசில ரெண்டு சாரா வர்ற எடத்துல சாராவா நடிச்ச லிண்டா ஹாமில்டனோட கூடப்பொறந்த இரட்டை சகோதரி நின்னாங்க. 1991ல இத நான் கண்டுபிடிக்கவே இல்ல.

ஓசூர், கம்பெனியில வேலை பாக்கறவர்: எந்திரன் மறுபடி பாத்தீங்களா? இப்ப ஏஐ காலத்துல எப்படி இருக்கு?

பாத்தேன், ரெண்டு தடவ. 2010ல பாத்தப்ப எல்லாரும் கடைசி அரை மணி நேரத்த பத்திதான் பேசினோம், ஆயிரம் சிட்டி சேந்து பந்தா மாறறது பாம்பா மாறறதுன்னு. இப்ப அதுதான் எனக்கு பழசா தெரியுது. புதுசா தெரியறது நடுவுல வர்ற தீ விபத்து சீன். சிட்டி எல்லாரையும் காப்பாத்துது, குளிச்சுகிட்டு இருந்த பொண்ணையும் அப்படியே தூக்கிட்டு வந்து கேமரா முன்னாடி நிறுத்துது, அந்த பொண்ணு கூனிக்குறுகி ஓடி லாரியில விழுந்து சாகுது. மெஷின் சொன்னத சரியா செஞ்சிருக்கு, மானம்னா என்னன்னு அதுக்கு யாரும் சொல்லித் தரல. வசனம் எழுதுன சுஜாதா 2008லயே போயிட்டாரு, படம் வந்து இவ்ளோ வருஷம் கழிச்சு நாம இப்ப ஆபீஸ்ல பேசற பேச்சு அந்த ஒரு சீன்ல இருக்கு. ஒரு குறையும் சொல்லணும், சனாவ ஆளாளுக்கு ஒரு பரிசுப்பொருள் மாதிரி இழுக்கறாங்க, அவ என்ன நெனக்கறான்னு படம் நின்னு கேக்கவே இல்ல, என் பொண்ணு அத உடனே புடிச்சிட்டா.

இன்னொண்ணு, சிட்டிக்கு மெஷின் பொம்மை செஞ்சது லெகசி எஃபெக்ட்ஸ், அது ஸ்டான் வின்ஸ்டன்கிட்ட வேலை பாத்தவங்க ஆரம்பிச்சது. டி-ரெக்ஸ் செஞ்ச அதே பட்டறை வழியில வந்தவங்க.

அரூர்: தமிழ்ல சயின்ஸ் ஃபிக்ஷன் எப்ப ஆரம்பிச்சுது?

கலை அரசி பாருங்க, 1963, எம்ஜிஆரும் பானுமதியும். வேற கிரகத்துக்காரங்க தங்களுக்கு பாட்டு தெரியலன்னு கத்துக்கறதுக்காக பூமியில இருந்து பாடற பொண்ண தூக்கிட்டு போறாங்க, எவ்ளோ அழகான யோசனை அது! அதுக்கும் முன்னாடி 1952ல நம்ம சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்க கம்பெனிகூட சேந்து காடுன்னு ஒரு படம் எடுத்தாங்க, இங்கிலீஷ்ல தி ஜங்கிள். யானைக்கு முடி ஒட்டி மாமத்னு காட்டியிருப்பாங்க. அப்ப நம்ம தர்மபுரி கிருஷ்ணகிரி எல்லாம் சேலம் ஜில்லா, அதனால இத நம்ம ஜில்லா படம்னே சொல்லுவேன்.

நல்லம்பள்ளி ஊரு, இப்ப பெங்களூருல பில்டிங் வேலை: இன்டர்ஸ்டெல்லார் புரியலண்ணா, ஆனா அழுதுட்டேன்.

புரிஞ்சதாலதான் அழுதீங்க தம்பி. அந்த தண்ணி கிரகத்துல ஒரு மணி நேரம்னா பூமியில ஏழு வருஷம், அவர் திரும்பி வந்து பாத்தா 23 வருஷ வீடியோ மெசேஜ் குவிஞ்சு கெடக்கு, புள்ளைங்க பெருசாகிட்டாங்க. பிளாக் ஹோல் கணக்கெல்லாம் கிப் தோர்ன்னு ஒரு இயற்பியல் விஞ்ஞானி போட்டுக் குடுத்தது, அது பக்கத்துல இருக்கட்டும். பாட்டிகிட்ட புள்ளைய விட்டுட்டு பெங்களூர் பஸ் ஏறி பொங்கலுக்கு பொங்கல் வர்ற நம்ம ஊர்க்காரங்களுக்கு அந்த சீன் யாரும் விளக்க வேண்டியதில்ல.

பென்னாகரம்: அண்ணா நான் உங்க கொட்டாயில தரை டிக்கெட்ல பாத்தவன். இங்கிலீஷ் படத்துக்கு இன்டர்வெல் எங்க விடணும்னு யாரு முடிவு பண்ணுவாங்க?

நாங்கதான்! இங்கிலீஷ் படத்துல இன்டர்வெல் கார்டே கெடையாது. ஒரு பெரிய ரீல் 2000 அடி, 22 நிமிஷம் ஓடும், மூணு ரீல் முடிஞ்சா விடலாம்னு ஒரு கணக்கு. ஜுராசிக் பார்க்குல அந்த கணக்கு டி-ரெக்ஸ் வர்ற எடத்துக்கு கிட்ட விழுந்துச்சு. நான் முதல் நாள் ஆசப்பட்டு ரீல வெட்டி டம்ளர் தண்ணி ஆடற எடத்துல விளக்க போட்டேன், தரையில இருந்து பெஞ்ச் வரைக்கும் ஒரே கூச்சல், முறுக்கு விக்கற பையன் உள்ள போகவே பயந்தான், முதலாளி மேல ஏறி வந்து திட்டு. மறுநாள் திரும்ப ஒட்டு போட்டு இன்டர்வெல்ல முன்னாடி தள்ளிட்டேன். ஒட்டும்போது ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டணும், அந்த துண்டு இன்னும் என்கிட்ட பழைய டிபன் டப்பாவுல இருக்கு, அஞ்சு ஃப்ரேம். நேத்து பொண்ணுகிட்ட குடுத்து ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சு பாக்க சொன்னேன். முதல் ரெண்டுல தண்ணி சும்மா நிக்குது. மூணாவதுல நடுவுல ஒரு புள்ளி. நாலாவதுல அது வளையம். அஞ்சாவதுல வளையம் டம்ளர் ஓரத்த தொடுது.