பைத்தான் வகுப்புக்கு மாணவர்களே வினா எழுதினால் தரம் எப்படி வரும்?

வேலூரில் பைத்தான் என்னும் நிரல்மொழி படிக்கும் நீங்கள், வகுப்புத் தேர்வுக்குக் கொள்குறி வினா (தரப்பட்ட விடைகளில் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் வினா) எழுதவும், சக மாணவரின் வினாவைத் திருத்தவும் வேண்டும்; இரண்டையும் தரமாக எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரியான விடை எழுதுவது சுலபம். உழைப்பெல்லாம் தவறான விடைகளில்தான். ஒவ்வொன்றும் ஒரு உண்மையான குழப்பத்திலிருந்து பிறக்க வேண்டும். உதாரணம்:

ஊர் = ["வேலூர்", "ஆற்காடு", "ஆரணி", "குடியாத்தம்"]

ஊர்[1:3] எதைத் தரும்? விடை ஆற்காடு, ஆரணி; ஏனெனில் எண்ணிக்கை 0-இல் தொடங்கும், கடைசி எண் சேராது. எண்ணிக்கை 1-இல் தொடங்கும் என்று நினைப்பவர் வேலூர், ஆற்காடு என்பார். கடைசி எண்ணும் சேரும் என்று நினைப்பவர் குடியாத்தத்தையும் சேர்ப்பார். இந்த இரண்டு பொறி போதும். நான்காவது விடைக்காக எதையாவது ஒட்டவைத்தால் அதை யாரும் தொடமாட்டார்கள்.

திருத்துபவர் விடைக்குறிப்பைப் பார்க்காமல் முதலில் தானே விடை எழுதட்டும். பிறகுதான் நிரலை இயக்கிப் பார்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் வினாவின் வாசகக் குழப்பம் கண்ணில் படவே படாது. பதிப்பையும் குறிப்பிடுங்கள்: 7/2 பைத்தான் 2-இல் 3, பைத்தான் 3-இல் 3.5. சரியான விடை மட்டும் நீளமாக இருந்தால் படிக்காமலே ஊகித்துவிடுவார்கள், கண்டிப்பாகச் சுருக்குங்கள். "நன்று" என்று மட்டும் எழுதும் திருத்தம் வினா எழுதியவருக்கு எதையும் கற்றுத்தராது; எந்த விடை ஏன் பலவீனம் என்று ஒரு வரியாவது எழுதுங்கள்.