உடம்புல சிஸ்ட் ஏன் வருது, அது பின்னாடி கேன்சரா மாறிடுமா?

ஸ்கேன் ரிப்போர்ட்ல "சிம்பிள் சிஸ்ட்"னு பார்த்துட்டு ராத்திரி பூரா கூகுள் பண்ணி பயந்தவங்கதான் பெரும்பாலும் இதைக் கேக்குறாங்க, அதனால அதை முதல்ல சொல்லிடறேன். சிஸ்ட்ல பெரும்பாலானது கேன்சர் கிடையாது. சிம்பிள்னு போட்டிருந்தா சுவர் மெல்லிசு, உள்ள வெறும் தண்ணி, நடுவுல தடுப்போ கெட்டியான பகுதியோ இல்லன்னு அர்த்தம், நிம்மதியா இருக்கலாம்.

சிஸ்ட்ங்கறது நாலாபக்கமும் மூடின ஒரு பை. அதோட சுவர்லதான் விஷயமே இருக்கு, ஏன்னா அந்தச் சுவர் உயிருள்ள செல்லால ஆனது, அது பாட்டுக்கு எதையாவது சுரந்துக்கிட்டோ உதிர்த்துக்கிட்டோ இருக்கும், வெளிய போக வழி இல்லாததால உள்ளயே சேரும்.

எனக்கு முதுகுல ஒண்ணு இருந்துச்சு, தோலுக்கு அடியில உருளற மாதிரி ஒரு உருண்டை, நடுவுல குட்டியா ஒரு கருப்புப் புள்ளி. எல்லாரும் கொழுப்புக்கட்டின்னாங்க. மரத்துப்போக ஊசி போட்டு முழுசா எடுத்த டாக்டர் அதை ட்ரேல வச்சு கீறிக் காட்டினாரு, உள்ள கெட்டியா வெள்ளை பேஸ்ட், ஒரு நாத்தம் வேற. அது கொழுப்பே இல்ல, கெரட்டின், அதாவது தோல் தினமும் உதிர்க்கற அதே சரக்கு. மேல்தோல் செல்லுங்க எப்படியோ உள்ள மாட்டிக்கிட்டு அங்கயே ஒரு பை கட்டிடுது, பனியனை உள்வெளியா திருப்பிப் போட்ட மாதிரி, வெளிய உதிர வேண்டியது உள்ள உதிருது. அதான் பிதுக்காதீங்கன்னு சொல்றாங்க, பிதுக்கினா பேஸ்ட்தான் வரும், சுவர் அங்கயேதான் இருக்கும், கொஞ்ச மாசத்துல மறுபடி ரொம்பிடும். சுவர் உள்பக்கமா உடைஞ்சா இன்னும் மோசம், சுத்தி செவந்து வீங்கி அப்புறம் ஆபரேஷனும் கஷ்டமாயிடும்.

சினைப்பைல கதையே வேற. மாசாமாசம் முட்டை வளர்ற பை ரெண்டு, ரெண்டரை சென்டிமீட்டர் வரைக்கும் பெருசாகி வெடிக்கணும், அது நார்மல். சில மாசம் வெடிக்காம வளர்ந்துக்கிட்டே போகும், அதுதான் சிஸ்ட். பெரும்பாலும் ரெண்டு மூணு பீரியட்ஸுக்குள்ள தானா சுருங்கிடும் (ஏதோ பவுடர் சாப்பிட்டு கரைஞ்சுதுன்னு சொல்ற வீடியோவை எல்லாம் இதை மனசுல வச்சுக்கிட்டு பாருங்க). பிசிஓஎஸ்ல (பொண்ணுங்களுக்கு வர்ற ஒரு ஹார்மோன் கோளாறு) தெரியற குட்டி குட்டி உருண்டைங்க இந்த வகை இல்ல, அது பாதியில வளர்ச்சி நின்ன முட்டைப் பைங்க, ஒண்ணொண்ணும் 2ல இருந்து 9 மில்லிமீட்டர்தான், அங்க பாக்க வேண்டியது ஹார்மோனை.

மத்தபடி மூட்டுத் தேய்மானத்தால முழங்காலுக்குப் பின்னாடி தண்ணி கோத்துக்கும், 50 வயசுக்கு மேல கிட்னில ஒண்ணு ரெண்டு இருக்கறது ரொம்ப சகஜம். ஆனா ரெண்டு கிட்னிலயும் நிறைய இருந்து, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தா அது பரம்பரை வியாதியா இருக்கலாம், அதை விடக்கூடாது. நாய்க்குடல்ல இருக்கற ஒரு நாடாப்புழுவோட முட்டை நம்ம வயித்துக்குள்ள போனாக்கூட கல்லீரல்லயோ நுரையீரல்லயோ சிஸ்ட் வரும்.

ரிப்போர்ட்ல "காம்ப்ளெக்ஸ்"னு (அதாவது உள்ள தடுப்போ கெட்டியான பகுதியோ இருக்குன்னு) இருந்தாலோ, கட்டி வேகமா வளர்ந்தாலோ, மாதவிடாய் நின்ன அப்புறம் சினைப்பைல வந்தாலோ டாக்டர் சொல்ற ஃபாலோ அப்பை தள்ளிப் போடாதீங்க. சினைப்பைல சிஸ்ட் இருக்கறவங்களுக்கு திடீர்னு அடிவயித்துல ஒரு பக்கம் தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தா சினைப்பை முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னிருக்கலாம், காலைல பாத்துக்கலாம்னு மாத்திரை போட்டுப் படுக்காம அப்பவே எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.