ரஃப் கொப்பியே போதும்

மதிப்பிற்குரிய ஐயா,
இறுதியாண்டுச் செயற்திட்டமாக, மீயொலி உணரியால் கிணற்று நீர்மட்டத்தை அளந்து மோட்டரை நிறுத்தும் கருவி செய்கிறோம். மேற்பார்வையாளர் கையெழுத்துக் குறிப்பேடு கேட்கிறார். படங்களும் கோட்டும் (கணினி நிரலும்) போனில் இருக்கின்றன. கொப்பியை ரஃப்பாக எழுதிக் கடைசியில் நல்ல கொப்பியில் படியெடுத்தால் போதாதா?
— மாணவி, கோண்டாவில்

தங்கச்சி,
படியெடுக்க வேண்டாம். படியெடுக்கும்போது முதலில் விடுபடுவது பிழைத்த அளவீடுகள்தான். பிறகு தேடப்போவதும் அவற்றைத்தான். ரஃப் கொப்பியையே கொடுங்கள்.

தைத்துக் கட்டிய சி.ஆர். கொப்பி வாங்குங்கள். சுருள்கம்பிக் கொப்பியில் தாள் கிழித்தாலும் தெரியாது. எழுதத் தொடங்குமுன் எல்லாப் பக்கத்துக்கும் இலக்கமிட்டு, முதல் 3 பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விடுங்கள். கிணற்றுக்கட்டில் வைத்து எழுத ஜெல் பேனை சரிவராது, துளி பட்டால் ஊறிவிடும்; போல்பொயின்ற் போதும். பிழைத்தால் ஒற்றைக் கோடு. டிப்பெக்ஸ் பூசினால் முதலில் என்ன எழுதினீர்கள் என்பது போய்விடும்.

'நீர்மட்டம் 2.95 மீ.' என்று மட்டும் எழுதினால் அது பாதிக் குறிப்பு. உணரி அளப்பது ஒலி நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை; தூரத்தை அந்த நேரத்திலிருந்தும் ஒலியின் வேகத்திலிருந்தும் கோட்தான் கணக்கிடுகிறது. ஒலியின் வேகம் 20 பாகை செல்சியஸில் செக்கனுக்குச் சுமார் 343 மீற்றர், 30 பாகையில் சுமார் 349. கோட்டில் 343 என்று நிலையாகப் போட்டிருந்தால், 3 மீற்றர் ஆழத்தில் 5 சென்ரிமீற்றர் குறைத்துக் காட்டும். வெப்பநிலையை எழுதாதவர் நல்ல உணரியைக் கழற்றி எறிவார். இப்படி எழுதுங்கள்:

'பி.ப. 2.10. கிணற்றுக்குள் காற்று 30°. எதிரொலி 17,190 மைக்ரோசெக்கன். திரையில் 2.95 மீ. அளவுநாடாவில் 3.00 மீ.'

பிறகு சூத்திரத்தை எத்தனை தரம் மாற்றினாலும் அந்த 17,190 அப்படியே நிற்கும்.

மாற்றம் செய்தால் காரணத்தையும் ஒரு வரி எழுதுங்கள். உணரியின் எதிரொலிப் பின் (echo pin) 5 வோல்ற் தருவது, கோட் ஓடும் உங்கள் போர்ட் 3.3 வோல்ற்றில் ஓடுவது என்றால், வோல்ற்றைக் குறைக்க இடையில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் தடைகள் இருக்கும். ஏன் என்று எழுதாவிட்டால் வயரைக் குறைக்கிறேன் என்று கூட்டாளி அவற்றை எடுத்துவிடுவார், போர்டின் பின் எரிந்துபோகலாம்.

போன் படங்கள் இருக்கட்டும். படத்தின் இலக்கத்தையும் கோட்டின் பதிப்பு எண்ணையும் அந்தந்தப் பக்கத்தில் குறியுங்கள்; இல்லாவிட்டால் எந்தப் படம் எந்த வயரிங் என்று ஒருவருக்கும் விளங்காது.

பக்க அடியில் சாட்சிக் கையெழுத்து, மேற்பார்வையாளர் கேட்டால் மட்டும். முதலில் கண்டுபிடித்தவருக்கே காப்புரிமை என்றிருந்த அமெரிக்காவில் அதற்குப் பெரிய மதிப்பு இருந்தது. 2013 மார்ச் 16 முதல் அங்கேயும் முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான்.

உதிரிப்பாகக் கடை பில்லை அப்படியே ஒட்டாதீர்கள். வெப்பத்தாளில் அச்சு மங்கிப்போகும். போட்டோப்பிரதி எடுத்து ஒட்டுங்கள்.