பெட்டி வீட்டில் வேலூர் வெயில் தாங்குமா?

காட்பாடி தாண்டி, சித்தூர் சாலைப் பக்கம் ஐந்து சென்ட் மனையில் 20 அடி கண்டெய்னர் ஒன்றை நிறுத்தி, ஆறு வருஷமாக நானும் வீட்டுக்காரியும் அதில்தான் குடியிருக்கிறோம். அதற்கு முன் முப்பது வருஷம் வெல்டிங் பட்டறை. இதே யோசனையில் இருப்பவர்கள் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அண்ணே, மே மாசம் உள்ளே இருக்க முடியுதா? உண்மையைச் சொல்லுங்க. (சத்துவாச்சாரி)

முதல் வருஷம் முடியவில்லை தம்பி. அக்னி நட்சத்திரத்தில் மதியம் மூன்று மணிக்குச் சுவரின் உள்பக்கம் கை வைத்தால் தோசைக்கல். கரண்ட் போனால் ஏற்ற அலமாரியில் நிறுத்தியிருந்த மெழுகுவத்தி வளைந்து தலை குனிந்து நின்றது. வாசலில் கட்டில் போட்டுப் படுத்தோம். சுற்றியிருக்கிற கருங்கல் மலை பகலில் குடித்த சூட்டை ராத்திரிதானே விடும், அங்கேயும் தூக்கமில்லை.

ஏசி வாங்க வைத்திருந்த பணத்தில் பெட்டிக்கு மேலே தனியாக ஒரு கூரை போட்டேன். இரும்புக் கால் நிறுத்தி, நாலு பக்கமும் மூன்றடி வெளியே நீட்டிய ஷீட். ஷீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி, காற்று குறுக்கே ஓட. ஷீட்டின் மேலே வெள்ளை அடித்தாயிற்று. மேற்குச் சுவரை மறைத்துப் பந்தல் கட்டிக் கோவைக்கொடி ஏற்றினேன். அடுத்த மே மாதம் சுவரில் தாராளமாகக் கை வைக்க முடிந்தது. இப்போதும் பத்துப் பதினைந்து நாள் கஷ்டம்தான், ஆனால் ஃபேனில் ஓட்டிவிடுகிறோம்.

எல்லோரும் உள்ளே தெர்மாகோல் ஒட்டுவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். இரும்பு காய்ந்த பிறகு உள்ளே தடுத்து என்ன பயன்? வெயில் பெட்டிமேல் விழாமல் பாருங்கள், மிச்சத்தை அப்புறம் பார்க்கலாம். ஒட்டத்தான் வேண்டுமென்றால், ஜன்னல் வெட்டி வெல்டிங் முழுக்க முடிந்தபின் ஒட்டுங்கள். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும்.

கப்பல் கண்டெய்னர் நல்லதா, சைட் ஆபீஸ் கேபின் நல்லதா சார்? (ராணிப்பேட்டை)

கேபினில் நான் ஏமாந்திருக்கிறேன். பழைய கேபின் ஒன்றைப் புதுப் பெயின்ட் பளபளப்பைப் பார்த்து வாங்கினேன். ஐப்பசி மழையில் கட்டில் கால் தரையைப் பொத்துக்கொண்டு இறங்கியது. வெல்டருக்கே இந்தக் கதி! வாங்கும்போது சுத்தியலோடு போய், கீழ்ச்சட்டத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். டங் என்றால் இரும்பு, பொத்தென்றால் துரு.

கண்டெய்னர் உறுதியானது. ஆனால் எட்டடி அகலம் என்று சொல்வது வெளி அளவு. உள் உயரமும் எட்டடிக்குக் கொஞ்சம் குறைவுதான், சீலிங் ஃபேன் தலைக்கு ஆபத்து. சுவர் ஃபேன் போடுங்கள். ஓரடி கூடுதல் உயரமுள்ளது பெரும்பாலும் 40 அடி நீளத்தில்தான் கிடைக்கிறது. அடித்தளப் பலகையில் பூச்சிமருந்து ஏற்றியிருப்பார்கள், அதை மூடித்தான் தரை போட வேண்டும். பெட்டியின் பாரம் முழுக்க நாலு மூலையில் இறங்கும். நம் பக்கம் கருங்கல்லுக்கா பஞ்சம்? மூலைக்கு ஒரு கல்தூண் கட்டி இரண்டடி தூக்கி வையுங்கள்.

பாலாற்றங்கரை ஓரம் மனை சல்லிசா வருது, பெட்டிதானே, வாங்கலாமா?

வேண்டாம். 2021 நவம்பரில் பாலாறு எப்படி வந்தது என்று அந்தக் கரையில் இருப்பவர்களைக் கேளுங்கள். கதவு சாத்திய பெட்டி வெள்ளத்தில் மிதக்கும், தெரியுமா? ஏரிப் புறம்போக்கும் அப்படியே. பட்டா பார்க்காமல் பெட்டியைப் பார்க்கப் போகாதீர்கள்.

குடியாத்தம் பக்கம் கிராமம் அண்ணா. ஓலைக்குடிசை, நத்தம் பட்டா இருக்கு. கையில் இரண்டு லட்சம். கண்டெய்னர் போடட்டுமா?

போடாதேம்மா. முதலில் ஊராட்சியில் கலைஞரின் கனவு இல்லம் பற்றி விசாரி. உன்னைப் போலக் குடிசையில் இருப்பவர்களுக்கான திட்டம்தான். 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம், வேலை ஆக ஆகத் தவணையில் தருவார்கள். உன் பணத்தைச் சேர்த்தால் நல்ல வீடே எழும்பும். கொத்தனாருக்குத் தெரிந்தால் செங்கல்லை நிமிர்த்தி நடுவே பொந்து விட்டுச் சுவர் கட்டச் சொல். கல் கால்வாசி மிச்சம், அந்தப் பொந்துக் காற்றே சூட்டையும் தடுக்கும். கண்டெய்னர் மோகத்தில் இருப்பவன் நான், நானே சொல்கிறேன்.

பழைய வேனை வீடாக்கி ஏலகிரியில் தங்கலாமா?

வண்டியின் உடம்பை மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் முகவரிச் சான்று இல்லாமலே கிடைக்கும். சுற்றுலாவுக்குச் சரி. வருஷம் முழுக்கக் கழிவை எங்கே கொட்டுவீர்கள் என்று யோசித்துவிட்டு வேனை வாங்குங்கள்.

உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க?

ஆணி அடிக்க முடியாது என்பதால் தினசரி காலண்டரைக் காந்தத்தில் மாட்டியிருக்கிறாள், அதில் அவளுக்குப் பெருமை. மழை பெய்தால் போன் பேச்சு கேட்காது, அது குறை. பெரிய குறை, சண்டை வந்தால் கோபித்துக்கொண்டு போய் உட்கார இன்னொரு அறை இல்லை. கூரை நிழலில் கிழக்குப் பக்கம் இரண்டு கல்பலகை போட்டுத் திண்ணையாக்கிக் கொடுத்தேன். பெரும்பாலும் நான்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.