எல்.எல்.பீன்: கடை, காடு, குடும்பம்

கேள்வி: தொழிலில் ஜெயித்தும், குடும்பத்தையும் காடு மலையையும் விட்டுக்கொடுக்காமல் நீண்ட காலம் வாழ்ந்த ஒருவரைச் சொல்லுங்கள் என்றால் யாரைச் சொல்வீர்கள்?

லியன் லியன்வுட் பீன். அமெரிக்காவில் எல்.எல்.பீன் என்ற பெயரில் பூட்ஸும் முகாம் சாமான்களும் விற்கும் நிறுவனத்தைத் தொடங்கியவர். 1872-இல் மெய்ன் மாநிலத்தின் கிரீன்வுட் என்ற சிற்றூரில் பிறந்து, 1967-இல் 94 வயதில் மறைந்தார். நான் காலணித் தொழிலில் இருப்பவன், அதனால் அவர் செய்த பூட்ஸ்தான் எனக்கு முதலில் அறிமுகம். ஆளைப் பற்றிப் படிக்கப் படிக்க பூட்ஸ் பின்னால் போய்விட்டது.

சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அப்பா கேட்டாராம்: சந்தைத் திருவிழாவுக்குப் போகிறாயா, இல்லை அந்தக் காசில் விலங்கு பிடிக்கும் இரும்புப் பொறிகள் வாங்கித் தரட்டுமா? பையன் பொறிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டான். தன் முதல் வியாபார முடிவு அதுதான் என்று பின்னாளில் பீன் சொல்லிக்கொள்வார். பன்னிரண்டு வயதில் அப்பாவும் அம்மாவும் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். உறவினர் வீடுகளில் வளர்ந்தார். கூடப்பிறந்தவர்களைக் கடைசி வரை அவர் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

நாற்பது வயது நெருங்கும்வரை பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. மெய்னிலேயே ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் சகோதரரோடு சேர்ந்து துணிக்கடையில் வேலை, நேரம் கிடைத்தால் மான் வேட்டை. ஈரக்காட்டில் நடந்தால் தோல் பூட்ஸ் தண்ணீர் குடித்துக் கனத்துப்போகும், கால் விறைக்கும். முழு ரப்பர் பூட்ஸில் தண்ணீர் புகாது, ஆனால் நாள் முழுக்க நடக்க வசதிப்படாது. 1911-இல் ஒரு வேலை செய்தார். ரப்பர் ஷூவின் அடிப்பாகத்தை எடுத்து, அதன்மேல் மெல்லிய தோலாலான மேல்பாகத்தை உள்ளூர் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். அடுத்த ஆண்டு, வெளிமாநிலத்திலிருந்து வந்து வேட்டை உரிமம் வாங்கியவர்களின் பட்டியலைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குத் தபாலில் விளம்பரத்தாள் அனுப்பினார். பிடிக்காவிட்டால் பணம் வாபஸ் என்று உத்தரவாதமும் கொடுத்தார்.

முதலில் விற்ற 100 ஜோடியில் 90 திரும்பி வந்துவிட்டது. ஏன் என்று தொழிலில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியும். தோல் நூலைப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய ரப்பர் பிடிக்காது. ஊசி இறங்கிய ஒவ்வொரு துளையும் நடக்க நடக்க நீண்டு, கடைசியில் ஒரு துளை அடுத்ததைத் தொட்டுக் கிழிந்துவிடும். பீன் தகராறு செய்யாமல் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பினார். கடன் வாங்கி, பாஸ்டனில் ஒரு ரப்பர் நிறுவனத்தைப் பிடித்து, தையலைத் தாங்கும் அடிப்பாகம் செய்ய வைத்து, மறுபடி ஆரம்பித்தார். இதை நேர்மைக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவரே காட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்பதுதான் முக்கியமாகப் படுகிறது.

1913-இல் அமெரிக்காவில் பார்சல் தபால் சேவை வந்தது. ஃப்ரீபோர்ட்டின் போஸ்ட்மாஸ்டர் வேறு யாருமல்ல, சகோதரர் கை (Guy) பீன். கீழே தபால் ஆபீஸ், மேலே பீனின் பட்டறை. கட்டிய பார்சலைச் சறுக்குப்பாதை வழியாக நேராகக் கீழே தள்ளிவிடுவார்கள். பிறகு மகன்கள் கார்ல், வாரன் இருவரும் கடைக்குள் வந்தார்கள். பெரிய நிறுவனமாகிய பிறகும் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தவர்களும் நிறைந்த இடமாகவே அது இருந்தது.

வேட்டைக்காலமும் மீன்பிடிக்காலமும் வந்தால் மனிதர் அலுவலகத்தில் தங்கமாட்டார். கேட்டால் சரக்கைச் சோதிக்கிறேன் என்பார், அது பொய்யும் இல்லை. 1942-இல் வேட்டை, மீன்பிடிப்பு, முகாம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். முழுவதையும் 85 நிமிடத்தில் படித்துவிடலாம் என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். விடியற்காலையில் காட்டுக்குக் கிளம்புகிறவர்கள் நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுவார்கள் என்பதால் 1951-இல் கடையை 24 மணி நேரமும் திறந்துவைத்தார். அதன் பிறகு கடை மூடியிருந்த நாட்கள் மிகக் குறைவு. அவருடைய இறுதிச் சடங்கு நாள் அவற்றில் ஒன்று.

இனி குறை. 1950-களிலும் 60-களிலும் நிறுவனம் நின்ற இடத்திலேயே நின்றது. பெரிதாக்கலாமே என்றால், மூன்று வேளை சாப்பிடுகிறேன், நான்காவது வேளை வயிற்றில் இறங்காது என்ற பாணியில் பதில் வரும். கேட்க அழகாக இருக்கும் இந்த வாக்கியம், அங்கே வேலை செய்த இளைஞர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? மகள் வயிற்றுப் பேரன் லியன் கோர்மன் 60-களின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். மாற்ற வேண்டியதையெல்லாம் குறித்துக்கொண்டே வந்தார். தாத்தா இருந்தவரை பெரும்பாலும் ஒன்றும் நகரவில்லை. 1967 பிப்ரவரியில் தாத்தா ஃப்ளோரிடாவில் காலமான பிறகு, பேரன் பொறுப்பேற்றுத்தான் நிறுவனத்தைப் பல மடங்கு வளர்த்தார். 2001 வரை அவரே தலைவர்.

ஆக, பீனை வியாபார மேதை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு நல்ல பொருளையும் ஒரு நல்ல வாக்குறுதியையும் வைத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் வாழ்ந்தவர். பணம் வாபஸ் என்ற, கால வரம்பே இல்லாத அந்த வாக்குறுதியைச் சிலர் பழைய சாமான் விற்பனையில் வாங்கியதைக்கூடத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்கும் அளவுக்கு இழுத்ததால், 2018-இல் நிறுவனம் அதை ஓராண்டாகக் குறைத்துவிட்டது. அந்த பூட்ஸை இன்னும் மெய்னிலேயே தைக்கிறார்கள். தேய்ந்த ரப்பர் அடியைக் கழற்றிப் புதிது பொருத்தியும் தருகிறார்கள், அதற்குக் காசு தனி.